இருமல் நின்ற பிறகு

உங்கள் கேள்வியில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவன் உங்கள் மகன், வயது இரண்டேகால். மூன்று வாரங்களுக்கு முன் வறுத்த வேர்க்கடலையை வாயில் போட்டுக்கொண்டு ஓடியபோது புரையேறி, முகம் சிவந்து, ஐந்து நிமிடம் போல விடாமல் இருமியிருக்கிறான். பிறகு தானாகவே அடங்கி விளையாடப் போய்விட்டான். ஒரு வாரம் கழித்து இருமல் ஆரம்பித்தது. வீசிங் என்று நெபுலைசர் வைக்கிறார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. இன்னொருவர் உங்கள் மாமியார். பக்கவாதம் வந்து நான்கு மாதம் ஆகிறது. சாப்பிடும்போது அவர் இருமுவதே இல்லை, ஆனாலும் இரண்டு முறை நிமோனியா வந்துவிட்டது. உணவு நுரையீரலுக்குள் போகிறது என்று மருத்துவர் சொன்னதை உங்களால் நம்ப முடியவில்லை. ஆஸ்பிரேஷன் என்பதும் மூச்சுக்குழல் அடைப்பு என்பதும் ஒன்றா, வேறு வேறா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மகனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் பேசலாம். அவனை இன்றே, காது மூக்கு தொண்டைப் பிரிவும் குழந்தைகளுக்கு பிராங்கோஸ்கோப்பி, அதாவது மூச்சுக்குழலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சிகிச்சை, செய்யும் வசதியும் உள்ள பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அங்கே முதல் வாக்கியமாக "வேர்க்கடலை சாப்பிடும்போது புரையேறியது" என்று சொல்லுங்கள். இருமல், சளி, வீசிங் என்று ஆரம்பிக்காதீர்கள். அப்படி ஆரம்பித்தால் நான்காவது நெபுலைசரோடு திரும்பி வருவீர்கள். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மயக்க மருந்து மருத்துவராக வேலை செய்தவன். இப்படி வந்த குழந்தைகளைப் பல முறை மேசையில் படுக்க வைத்திருக்கிறேன். அவர்களில் பலருடைய தாய்மார்கள் அந்தக் கடலை விஷயத்தை மறந்தே போயிருந்தார்கள். இருமல் நின்றதும் மனம் அதை விட்டுவிடுகிறது. நான் இங்கே சொல்ல வருவதெல்லாம் அந்த 'நின்றதும்' என்ற சொல்லைப் பற்றித்தான்.

தமிழில் புரையேறுதல் என்று எவ்வளவு பொருத்தமாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள் பாருங்கள். புரை என்றால் துளை, உட்குழல். போகக் கூடாத குழலுக்குள் ஏறிவிட்டது என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. வாய்க்குப் பின்னால் தொண்டை என்ற ஒரே கூடம். அதற்குக் கீழே இரண்டு வழிகள். முன்னால் இருப்பது குரல்வளையும் மூச்சுக்குழலும், பின்னால் இருப்பது உணவுக்குழல். காற்று முன்வழியிலும் சோறு பின்வழியிலும் போக வேண்டும். ஆனால் மூக்கு மேலே, வாய் கீழே என்று அமைந்திருப்பதால், காற்றும் சோறும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டுதான் போக முடியும். கழுத்தில் சங்கு என்று நாம் சொல்லும் மேட்டின்மேல் விரலை வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள். அது துள்ளி மேலேறி, ஒரு கணம் நின்று, இறங்கும். அந்த ஒரு விநாடிக்குள் மூச்சு நிற்கிறது, குரல்நாண்கள் இரண்டும் ஒட்டி மூடிக்கொள்கின்றன, மேலிருக்கும் குரல்வளை மூடி சாய்ந்து வாசலை மறைக்கிறது, உணவுக்குழலின் வாய் திறக்கிறது. விழுங்கி முடித்ததும் பெரும்பாலும் மூச்சு வெளியே வருகிறது, உள்ளே போவதில்லை. வாசலில் தங்கிய துளியை அது வெளியே தள்ளிவிடும். தூங்கும்போதுகூட இது நடக்கிறது. ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு லிட்டர் எச்சிலை இப்படித்தான் நாம் பத்திரமாக இறக்குகிறோம்.

இந்த ஒரு விநாடியில் எங்கே பிசகினாலும் புரையேறும். சிரித்துக்கொண்டோ பேசிக்கொண்டோ விழுங்கினால், மூடியிருக்க வேண்டிய வாசல் திறந்திருக்கும். ஒரு பருக்கை குரல்நாண்களைத் தொட்டதுமே இருமல் வெடிக்கும். யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுவது நம் வீடுகளில் வழக்கம். அந்த அன்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் பருக்கையை வெளியேற்றுவது இருமல்தான். நன்றாக இருமிக்கொண்டிருப்பவரை இரும விடுங்கள். நடுவில் தண்ணீரை நீட்டாதீர்கள்; வாசல் இன்னும் திறந்துதான் இருக்கிறது.

உங்கள் கேள்விக்கு இப்போது வருகிறேன். குரல்நாண்களைத் தாண்டி உணவோ, எச்சிலோ, இரைப்பை நீரோ, வேறு எதுவோ உள்ளே இறங்கினால் அது ஆஸ்பிரேஷன். காற்றுப் போகும் வழி மூடிப்போனால், எதனால் மூடினாலும், அது அடைப்பு. இட்லித் துண்டு அடைக்கலாம். மயங்கிக் கிடப்பவரின் நாக்கே பின்னால் சரிந்து அடைக்கலாம். ஒவ்வாமையில் குரல்வளை வீங்கி அடைக்கலாம். உள்ளே போன பொருள் பெரிதாக இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். நீராக இருந்தால் வழி அடைபடாது, ஆனால் நுரையீரல் வெந்துபோகும் அல்லது அழுகும். உங்கள் மகனுக்கு முதல் வகை என்று சந்தேகிக்கிறேன். மாமியாருக்கு இரண்டாவது வகை. இரண்டிலும் வெளியில் தெரிவது ஒன்றுதான்: சத்தம் இல்லாமை.

முழு அடைப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கே நிமிடக் கணக்கு. மூச்சுக்குழல் வாசலில் கறித்துண்டு அடைத்துக்கொண்ட மனிதர் இருமுவதில்லை, கத்துவதில்லை. இரும வேண்டுமானால் காற்று வேண்டும். குரல் எழுப்பவும் காற்று வேண்டும். அவர் கைகள் கழுத்துக்குப் போகும், கண்கள் விரியும், உதடு நீலம் பாயும், எழுந்து கழிவறைப் பக்கம் நடந்து போய் அங்கே விழுவார். பக்கத்து மேசைக்காரர்கள் மாரடைப்பு என்று நினைப்பார்கள். 1963ல் அமெரிக்காவின் புளோரிடாவில் ஹாகன் என்ற மருத்துவர், உணவகங்களில் மாரடைப்பால் இறந்ததாகக் கருதப்பட்டவர்களின் உடற்கூற்று ஆய்வில் தொண்டையில் பெரிய இறைச்சித் துண்டுகளைக் கண்டு, அதற்குக் கஃபே கொரோனரி, அதாவது உணவக மாரடைப்பு, என்று பெயரிட்டு எழுதினார். 1974ல் ஹென்றி ஹைம்லிக் வயிற்றை அழுத்தும் முறையை முன்வைத்தார். நுரையீரலில் மிஞ்சியிருக்கும் காற்றைக் கீழிருந்து திடீரென அழுத்தினால், பாட்டில் தக்கை தெறிப்பதுபோல அடைத்தது தெறிக்கும் என்பதுதான் கருத்து.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். "அடைத்துக்கொண்டதா, பேச முடிகிறதா?" என்று கேளுங்கள். பேசினால், இருமினால், பக்கத்தில் நின்று இருமச் சொல்லுங்கள். பேச முடியாமல் தலையை மட்டும் ஆட்டினால் ஒரு கையால் நெஞ்சைத் தாங்கி அவரை முன்னால் குனிய வைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் இரு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவே ஓங்கி ஐந்து முறை அடியுங்கள். தட்டிக்கொடுப்பது போல இருக்கக் கூடாது. வரவில்லையென்றால் பின்னால் நின்று, தொப்புளுக்கு மேல், நெஞ்செலும்பு முடியும் இடத்துக்குக் கீழே ஒரு கையை முஷ்டியாக வைத்து, மறு கையால் அதைப் பிடித்து, உள்நோக்கியும் மேல்நோக்கியும் ஐந்து முறை வெடுக்கென்று இழுங்கள். மாறி மாறிச் செய்யுங்கள். கர்ப்பிணிக்கும், கை சுற்றி எட்டாத அளவு உடல் பருத்தவருக்கும் வயிற்றுக்குப் பதில் நெஞ்சின் நடுவில் அழுத்த வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றை அழுத்தவே கூடாது, கல்லீரல் கிழியலாம். முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, முதுகில் ஐந்து அடி. பிறகு மல்லாத்தி நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஐந்து அழுத்தம். வாய்க்குள் கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி விரலை விடாதீர்கள். வெளியே வர இருந்ததை விரல் உள்ளே தள்ளிவிடும். நினைவு தப்பிவிட்டால் தரையில் படுக்க வைத்து நெஞ்சழுத்தம் ஆரம்பியுங்கள். வாயோடு வாய் வைத்து ஒவ்வொரு முறை ஊதுவதற்கு முன்பும் வாயைத் திறந்து பாருங்கள், தெரிந்தால் மட்டும் எடுங்கள். 108ஐ இன்னொருவர் அழைக்கட்டும். ஆக்சிஜன் இல்லாமல் நான்கைந்து நிமிடம் போனால் மூளை கெட ஆரம்பிக்கும். எவ்வளவு விரைவாக வந்தாலும் ஆம்புலன்ஸ் அதற்குள் வந்து சேருவது அரிது. வயிற்றை அழுத்திக் காப்பாற்றப்பட்டவர் எழுந்து உட்கார்ந்து நன்றாகப் பேசினாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். உள்ளுறுப்பில் அடிபட்டிருந்தால் அன்றே தெரியாது.

இப்போது உங்கள் மகனுடைய கதை. குரல்நாண்களுக்கு மேலே அடைக்காமல் தாண்டி உள்ளே விழுந்துவிட்ட பொருள் மூச்சுக்குழல் வழியாகக் கீழே போகும். அது இரண்டாகப் பிரியும் இடத்தில் வலது கிளை இடதைவிட அகலம், நீளம் குறைவு, ஏறக்குறைய நேராக இறங்குவது. அதனால் பெரியவர்களில் பெரும்பாலும் வலது பக்கம்தான் போய் உட்காரும். சிறு குழந்தைகளில் இந்தச் சாய்வு வேறுபாடு அவ்வளவு இல்லை, எந்தப் பக்கமும் போகலாம். விழுந்தவுடன் கடும் இருமல். பிறகு அந்தப் பொருள் ஓர் இடத்தில் இறுகி உட்கார்ந்ததும், அங்கிருக்கும் நரம்புகள் பழகிப்போய் இருமலைத் தூண்டுவதை நிறுத்திவிடுகின்றன. குழந்தை விளையாடப் போகிறது. இது சில மணி நேரமும் நீடிக்கலாம், சில வாரங்களும் நீடிக்கலாம். மருத்துவ நூல்கள் இதை நோய்க்குறி இல்லாத இடைவேளை என்கின்றன. வீட்டிலுள்ளவர்கள் "நல்லவேளை, விழுங்கிவிட்டான்" என்கிறார்கள்.

அந்த இடைவேளையில் உள்ளே நடப்பது இது. நாம் மூச்சை இழுக்கும்போது கிளைக்குழல் கொஞ்சம் விரிகிறது. கடலையின் ஓரமாகக் காற்று உள்ளே நழுவிவிடும். விடும்போது குழல் சுருங்கிக் கடலையைக் கவ்விக்கொள்ளும். காற்று வெளியே வர முடியாது. ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தப் பக்க நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக உப்பும். இதற்குள் வேர்க்கடலை சளியின் ஈரத்தில் ஊறிப் பருக்கிறது. அதன் எண்ணெய் குழலின் உட்பரப்பை உறுத்திச் சிவந்து வீங்க வைக்கிறது. கடலையும் பெருத்து, குழலும் ஒடுங்கி, ஒருநாள் முழுதாக அடைந்துபோகும். அப்போது உப்பியிருந்த நுரையீரல் சுருங்கிச் சீழ் பிடிக்கத் தொடங்கும். குழந்தைக்குக் காய்ச்சல் வருவது அப்போதுதான்.

எக்ஸ்ரே ஏன் ஏமாற்றியது என்றால், வேர்க்கடலை எக்ஸ்ரேயில் தெரியாது. நாணயம் தெரியும், ஆணி தெரியும். கடலையும் புளியங்கொட்டையும் பிளாஸ்டிக்கும் தெரியாது. மூச்சை விட்ட நிலையில் எடுத்த படத்தில் ஒரு பக்க நுரையீரல் மட்டும் காலியாகாமல் கறுத்திருப்பதைப் பார்த்துத்தான் ஊகிக்க முடியும். இரண்டு வயதுக் குழந்தையிடம் மூச்சை விட்டு நிறுத்து என்று யார் சொல்வது? ஆகவே சுத்தமான எக்ஸ்ரே எதையும் மறுக்காது. ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கும்போது ஒரு பக்கம் மட்டும் சீழ்க்கை, அல்லது ஒரு பக்கம் மட்டும் மூச்சுச் சத்தம் மங்கல் என்றால் அதற்கு மதிப்பு அதிகம். ஆஸ்துமா இரண்டு பக்கமும் சீழ்க்கையடிக்கும். எல்லாவற்றையும்விடக் கனமான சாட்சி, "புரையேறியது, நான் பார்த்தேன்" என்று தாய் சொல்லும் சொல். இளம் மருத்துவர்களிடம் நான் சொல்லி வந்ததும் இதுதான்: தாய் பார்த்ததாகச் சொன்னால், படம் நன்றாக இருந்தாலும் உள்ளே பாருங்கள்.

ஒரு குழந்தையை இன்னும் மறக்கவில்லை. பெண் குழந்தை, இரண்டு வயது நிரம்பவில்லை; இரண்டு மாதமாக வீசிங் மருந்து. மேசையில் அவளை மயக்கிவிட்டு நான் தலைப்பக்கம் நின்றேன். பக்கத்தில் தொண்டை அறுவை மருத்துவர். இந்த ஒரு சிகிச்சையில் மட்டும் எங்கள் இருவருக்கும் ஒரே குழல்தான். நான் காற்றனுப்ப வேண்டிய வழியில்தான் அவர் இடுக்கியை விட வேண்டும். அந்த வயதில் மூச்சுக்குழலின் அகலம் அரை சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். பிராங்கோஸ்கோப் உள்ளே போனது. வலது கிளையில் சிவந்து தடித்த சதைக்கு நடுவே வெளுத்த ஏதோ ஒன்று. முதல் முறை பிடித்தபோது நுனி மட்டும் உதிர்ந்து வந்தது. இரண்டாவது முறை பிடித்து மெல்ல இழுத்துக்கொண்டு வரும்போது குரல்நாண்களுக்கு அருகே வழுக்கிவிட்டது. ஆக்சிஜன் அளவு 95லிருந்து 70க்கு இறங்கியது. மானிட்டரின் சத்தம் தாழ்ந்துகொண்டே போவதைக் காதால் கேட்டுக்கொண்டு நின்றேன். அவர் அதைத் திரும்ப வலது கிளைக்குள்ளேயே தள்ளிவிட்டார். ஒரு நுரையீரலாவது வேலை செய்யட்டும் என்பதற்காக அப்படிச் செய்வதுண்டு. அளவு ஏறியதும் மூன்றாம் முறை வெளியே வந்தது. அரைப் பருப்பு. ஊறி, தோல் கழன்று, பழுப்பேறி, கெட்ட வாடையோடு இருந்தது. வெள்ளைத் துணியில் வைத்து வெளியே போய்க் காட்டினேன். அந்தத் தாய் அதைப் பார்த்துவிட்டு, "இது தீபாவளிக்கு முன்னால் சாப்பிட்டது" என்றார். அப்போது தை பிறந்துவிட்டிருந்தது.

கடலை மட்டுமில்லை. பாக்கு, புளியங்கொட்டை, சீதாப்பழ விதை, தேங்காய்ச் சில்லு, விளையாட்டுப் பொம்மையின் பீப்பி, பேனா மூடி எல்லாம் வெளியே வந்திருக்கின்றன. பேனா மூடியின் நுனியில் துளை இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். குழந்தை விழுங்கி அது மூச்சுக்குழலில் சிக்கினாலும் கொஞ்சம் காற்றாவது போகட்டும் என்றுதான் அந்தத் துளை. கடைவாய்ப் பற்கள் முழுமையாக முளைக்க இரண்டரை வயதுக்கு மேல் ஆகும். முன்பல்லால் கடித்து உடைக்க முடிகிற வயதில் அரைத்து மெல்ல முடியாது. நான்கு வயது வரை முழுக் கடலை, முந்திரி, பொரித்த பட்டாணி எதுவும் வேண்டாம். மாவாக்கிக் கொடுங்கள், துவையலாகக் கொடுங்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். ஓடிக்கொண்டே, அழுதுகொண்டே, படுத்துக்கொண்டே சாப்பிட விடாதீர்கள்.

இந்தச் சிகிச்சை பிறந்த கதையும் எனக்குப் பிடித்தமானது. 1897ல் ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரில் குஸ்டாவ் கில்லியன் என்ற மருத்துவர் ஒரு விவசாயியின் வலது கிளைக்குழலிலிருந்து பன்றி எலும்புத் துண்டு ஒன்றை, கழுத்தை அறுக்காமல், வாய் வழியாகக் குழாய் விட்டு எடுத்தார். அமெரிக்காவில் செவாலியர் ஜாக்சன் இதைத் தன் வாழ்நாள் வேலையாகவே செய்தார். அவர் எடுத்த 2,374 பொருட்கள், ஊக்கும் பொத்தானும் கடலையும் நாணயமுமாக, பிலடெல்பியாவின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் இழுப்பறைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை உள்ளே போகவிட்ட வீடுகளும் நம் வீடுகளைப் போன்றவைதான்.

நீராக உள்ளே போவதைப் பற்றி இனி. எங்கள் துறையில் இது பழைய பயம். நினைவிருக்கும்போது இருமல் காவல் காக்கிறது. மயக்க மருந்து கொடுத்த கணமே அந்தக் காவல் போய்விடுகிறது. வயிற்றில் இருப்பது மேலே வந்தால் நேராக நுரையீரலுக்கு இறங்கும். 1946ல் நியூயார்க்கில் கர்ட்டிஸ் மெண்டல்சன் என்ற மகப்பேறு மருத்துவர், 44,016 பிரசவங்களின் குறிப்புகளைப் பார்த்து, அவற்றில் 66 பெண்களுக்கு மயக்கத்தில் இரைப்பைப் பொருள் நுரையீரலுக்குப் போயிருந்ததை எழுதினார். திட உணவு அடைத்துக்கொண்ட இருவர் இறந்தார்கள். அமிலநீர் போனவர்கள் சில மணி நேரம் அடைப்பு எதுவும் இன்றி நீலம் பாய்ந்து, ஆஸ்துமா போலத் திணறி, பிறகு தேறினார்கள். கிருமியில்லாமலே அமிலம் மட்டும் நுரையீரலைச் சுட்டுவிடும் என்பதை முயல்களில் செய்த சோதனையிலும் அவர் காட்டினார். அமிலம் சுட்டது ஒன்று, வாய்க் கிருமிகள் இறங்கிப் பல நாள் கழித்து வரும் நிமோனியா வேறொன்று. முன்னதற்கு உடனே ஆன்டிபயாட்டிக் தேவைப்படுவதில்லை. பின்னதற்கு அதுதான் மருந்து.

அறுவைக்கு முன் வெறும் வயிறு என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். வெறும் தண்ணீர் என்றால் 2 மணி நேரம் முன்பு வரை, தாய்ப்பால் 4 மணி நேரம், மாட்டுப்பாலும் லேசான சிற்றுண்டியும் 6 மணி நேரம். நம் ஊரில் காபியை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. "எதுவும் சாப்பிடவில்லை" என்று மூன்று முறை சொன்ன ஒரு பெரியவருக்கு மயக்க ஊசி போட்டதும் வாயில் பால் வந்தது. உறிஞ்சி எடுத்தோம், குழாய் போட்டோம், மூன்று நாள் வெண்டிலேட்டரில் இருந்து பிழைத்தார். பிறகு கேட்டபோது, "காபி மட்டும்தான் குடித்தேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நான் கேள்வியைத் தவறாகக் கேட்டிருந்தேன். அன்று முதல், "காலையில் காபி, டீ, பால் குடித்தீர்களா?" என்று பெயர் சொல்லித்தான் கேட்டேன்.

நினைவு மங்கியவருக்கும் இதே கதைதான். வலிப்பு வந்தவர், மயங்கி விழுந்தவர், குடித்துவிட்டுக் கிடப்பவர் யாராக இருந்தாலும் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, முகத்தைக் கொஞ்சம் தரைப்பக்கம் திருப்புங்கள். நாக்கு முன்னால் விழும், வாந்தி வெளியே வழியும். உயிர் பிரியும் நேரத்தில் பால் ஊற்றும் வழக்கத்தைப் பற்றிப் பேச மனம் தயங்குகிறது; அந்த நேரத்துத் துயரம் எனக்கும் தெரியும். ஆனாலும் சொல்கிறேன். பஞ்சில் நனைத்து உதட்டை ஈரப்படுத்தினால் போதும். விழுங்க முடியாதவரின் வாயில் ஊற்றிய பால் அவரை மூழ்கடிக்கும். மண்ணெண்ணெய் குடித்துவிட்ட குழந்தையையும் வாந்தியெடுக்க வைக்கக் கூடாது. வயிற்றில் இருக்கும் மண்ணெண்ணெயைவிட, வாந்தியில் ஏறி நுரையீரலுக்குள் போகும் துளிகள்தான் உயிருக்கு உலை வைப்பவை.

கைக்குழந்தையைக் குளிப்பாட்டி மூக்கிலும் வாயிலும் எண்ணெய் விட்டு ஊதும் பழக்கம் தமிழ்நாட்டில் இன்னும் ஒழியவில்லை. எண்ணெய் இருமலைத் தூண்டாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். நுரையீரலின் செல்கள் அதைச் செரிக்க முடியாமல் அப்படியே தேக்கி வைத்துக்கொள்ளும். வாரக்கணக்கில் மூச்சு வாங்கும் குழந்தையைப் பரிசோதித்தால் எண்ணெய் நிமோனியா என்று தெரியவரும். தினமும் குளிப்பாட்டிய பாட்டிக்கு அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாது. பேரப்பிள்ளையை இருமக்கூட விடாத எண்ணெய் அது. பாலாடையில் மருந்தை வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு அழும் வாயில் ஊற்றுவதும் இதே வகை ஆபத்துதான்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முதல் நாட்களில் விழுங்குவதில் குறை இருக்கும். பலருக்குச் சில வாரங்களில் சரியாகும், சிலருக்கு ஆகாது. அவர்களில் ஒரு பகுதியினருக்குத் தொண்டையின் உணர்ச்சியே போயிருக்கும். குரல்நாண்களின்மேல் ரசம் ஓடினாலும் உடலுக்குத் தெரியாது, இருமல் எழாது. சத்தமற்ற ஆஸ்பிரேஷன் என்பது இதுதான். 'இருமவே இல்லையே' என்று நீங்கள் ஆறுதலாகச் சொன்னது உண்மையில் கவலைப்பட வேண்டிய குறி. வேறு சில அடையாளங்களைப் பாருங்கள். விழுங்கிய பிறகு 'அம்மா' என்று சொல்லச் சொன்னால் குரல் ஈரமாக, கொழகொழவென்று வருகிறதா? கண்ணில் நீர் கட்டுகிறதா? ஒரு கவளத்துக்கு இரண்டு மூன்று முறை விழுங்குகிறாரா? சாப்பிட்டு முடிக்க முக்கால் மணி நேரம் ஆகிறதா? காரணமில்லாமல் மாலையில் உடம்பு சுடுகிறதா? இவற்றில் இரண்டு இருந்தாலும் விழுங்கும் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். பேரியம் கலந்த உணவை விழுங்கும்போது எக்ஸ்ரே வீடியோ எடுத்தோ, மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டோ அவர்கள் நேராகவே பார்த்துவிடுவார்கள்.

நோயாளிக்கு ரசம் சாதம்தான் எளிது என்று எல்லோரும் நினைக்கிறோம். விழுங்கும் குறை உள்ளவருக்கு அதைவிடக் கடினமான உணவு குறைவு. வாயில் வைத்ததுமே ரசம் பிரிந்து முன்னால் ஓடிவிடும், பருக்கை பின்னால் நிற்கும். தொண்டை இரண்டுக்கும் தனித்தனியாகத் தயாராக வேண்டும். தண்ணீர், காபி, மோர் எல்லாம் வேகமாக ஓடுபவை. குழைய மசித்த தயிர்சாதம், கெட்டியான கேழ்வரகுக் கூழ், ஒரே பதமாக மசித்த இட்லி போன்றவை மெதுவாக, ஒரே கட்டியாக இறங்கும். எவ்வளவு கெட்டி வேண்டும் என்பதைப் பரிசோதித்தவர்தான் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் கெட்டியாக்கிவிட்டால் தண்ணீர் குடிப்பது குறைந்து உடல் வறண்டுபோகும், அதுவும் முதியவருக்குக் கெடுதல்.

ஊட்டும்போது அவரை நேராக உட்கார வையுங்கள். தூக்கக் கலக்கத்தில் ஊட்டவே வேண்டாம். நீங்கள் நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்து பார்ப்பார், அண்ணாந்தால் மூச்சுவழி திறக்கும். ஆகவே நீங்களும் உட்காருங்கள், அவர் கண்ணுக்கு நேராக. சிறு கரண்டி. சங்கு ஏறி இறங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த கவளம். செயலிழந்த பக்கத்துக் கன்னத்தில் சோறு ஒதுங்கியிருக்கும், அவருக்குத் தெரியாது. முடிந்ததும் விரலில் துணி சுற்றி எடுத்துவிடுங்கள். அரை மணி நேரமாவது படுக்க வைக்காதீர்கள்.

பலர் விட்டுவிடுவது வாய்ச் சுத்தத்தை. நுரையீரலைக் கெடுப்பது உணவைவிட, உணவோடும் எச்சிலோடும் இறங்கும் பல்லிடுக்குக் கிருமிகள். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2002ல் வெளியானது. உணவுக்குப் பின் பல் துலக்கிவிடப்பட்டவர்களில் 11 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது, அப்படிச் செய்யப்படாதவர்களில் 19 சதவீதம். பல்லே இல்லாதவர்களுக்கும் ஈறையும் நாக்கையும் துடைத்ததில் பலன் தெரிந்தது. இரவில் பல்செட்டைக் கழற்றிக் கழுவி வையுங்கள். மூக்குக் குழாய் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை எல்லாம் தீரும் என்று யாராவது சொன்னால் முழுதாக நம்ப வேண்டாம். குழாய் சோற்றைத்தான் தொண்டையைத் தாண்டி இறக்கும். எச்சில் பழைய வழியிலேயே போகும், இரைப்பையிலிருந்து மேலே வருவதையும் அது தடுக்காது. குழாய் வழி ஊட்டும்போதும் தலைப்பக்கம் உயர்ந்தே இருக்க வேண்டும்.

மறுபடி உங்கள் மகனிடம் வருகிறேன், ஏனென்றால் நீங்கள் இப்போது கிளம்ப வேண்டும். கிளம்பியதிலிருந்து அவனுக்குத் திட உணவோ பாலோ கொடுக்க வேண்டாம். கடைசியாக எதை எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள், என்னைப் போன்ற ஒருவர் அங்கே அதைத்தான் முதலில் கேட்பார். முதுகில் தட்டாதீர்கள், தலைகீழாகப் பிடிக்காதீர்கள். கிளைக்குழலில் இறுகியிருக்கும் கடலை கழன்று நடுக்குழலுக்கு வந்தால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அடைபடும். அவனுக்கு எப்படி வசதியோ அப்படி மடியில் உட்கார்ந்து வரட்டும். வழியில் திடீரென்று குரல் போய்த் திணறினால் மட்டும் மேலே சொன்னபடி முதுகில் ஐந்து அடியும், வயிற்றில் ஐந்து அழுத்தமும். முடிந்தால் அன்று சாப்பிட்ட அதே வகைக் கடலையில் நான்கைந்தை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துச் செல்லுங்கள். செவாலியர் ஜாக்சன், உள்ளே போனதைப் போன்ற ஒன்றை முன்னால் வைத்து ரப்பர் குழாயில் எடுத்துப் பழகிய பிறகே நோயாளியைத் தொட்டார். வேர்க்கடலையை நசுக்காமல் பிடிப்பதற்கென்றே தனி இடுக்கி இருக்கிறது. உங்கள் கையிலிருக்கும் பருப்பின் பருமனைப் பார்த்துவிட்டு எந்த இடுக்கி என்று அவர்கள் எடுத்து வைத்துக்கொள்வார்கள்.